அத்தான் கடை லேப்டாப்பும் அணையாத திரையும்

லினக்ஸில் திரை தானாக அணைய மாட்டேன் என்கிறது என்று யார் சொன்னாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். அணையவே இல்லையா, அணைந்துவிட்டு மறுபடி எரிகிறதா? முக்கால்வாசிப் பேருக்குப் பதில் தெரியாது. தெரியாததில் தப்பும் இல்லை. ஒரு திரையை எதுவும் தொடாமல் பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க யாருக்குப் பொறுமை? ஆனால் அந்தப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அணையவே இல்லை என்றால், அணைக்காதே என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். அணைந்து எரிகிறது என்றால், யாரோ எழுப்புகிறார்கள். தேட வேண்டிய இடம் இரண்டுக்கும் வேறு வேறு.

குன்றக்குடி அத்தான் கடை லேப்டாப்பில் இரண்டும் சேர்ந்து இருந்தன. பதிவு இவ்வளவு நீளமானதற்கு அதுதான் காரணம். டீயோ காபியோ எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

அத்தான் என்றால் அக்கா வீட்டுக்காரர். மலை அடிவாரத்தில் ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம், அவசரத்துக்கு மொபைல் சார்ஜ் என்று எல்லாம் நடக்கிற சின்னக் கடை. சாதாரண நாளில் மெதுவாக ஓடும். தை பிறந்தால் தலைகீழ். நகரத்தார் காவடிகள் எல்லாம் குன்றக்குடியில் வந்து சேர்ந்துதான் பழனிக்கு நடக்கத் தொடங்கும். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு நகல் வேண்டும், மீதிப் பேருக்குச் சார்ஜர் வேண்டும். அத்தான் காலையில் கடையைத் திறந்ததும் லேப்டாப்பில் முருகன் பாட்டைப் போட்டுவிடுவார். இந்தப் பாட்டு பின்னால் வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப், என் மருமகன் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. அந்தத் திட்டத்தை 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று, திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். ஆரம்பத்தில் வந்த பெட்டிகளில் விண்டோஸ் ஒரு பக்கம், பாஸ் லினக்ஸ் ஒரு பக்கம் என்று இரண்டும் இருக்கும். பாஸ் என்பது டெபியனை அடிப்படையாக வைத்துச் சி-டாக் உருவாக்கியது. முதல் பதிப்பு 2007-ல் வந்தது. என்னைக் கேட்டால், தமிழ்நாட்டில் லினக்ஸைக் கிராமத்து வீடுகள்வரை கொண்டுபோய்ச் சேர்த்தது எந்தக் கருத்தரங்கும் இல்லை, அந்த இலவச லேப்டாப்தான். வீட்டுக்குள் வந்த லினக்ஸைத் திறந்து பார்த்த பிள்ளைகள் எத்தனை பேர் என்பது வேறு கதை. பெட்டியைப் போட்டதும் வருகிற பட்டியலில் மேலே எது இருக்கிறதோ அதை அழுத்திவிட்டுப் போனவர்கள்தான் அதிகம்.

மருமகன் கொஞ்சம் நோண்டுகிற ஜாதி. கல்லூரி முடித்து வேலைக்குப் போகும்போது ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, சுபுண்டு லினக்ஸ் நிறுவி, அப்பா கடைக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. கடை யுபிஎஸ் தயவில் ஓடுகிறது. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒருநாள் அத்தானிடமிருந்து போன்.

"மாப்ள, ராத்திரி ஷட்டரை இறக்கிட்டு வீட்டுக்கு வந்தா, அடி இடுக்கு வழியா வெளிச்சம் வருதாம். பக்கத்துக் கடைக்காரக, உள்ள ஆளு இருக்காகளோன்னு எனக்குப் போன் போடுறாக."

"லேப்டாப்பை ஆஃப் பண்ணிட்டு வந்துருங்களேன் அத்தான்."

"அது எனக்குத் தெரியாதா? பத்து நிமிஷத்துல திரை அணையணும்னு அதுல போட்டு வச்சிருக்கேன். போட்டதைக் கேக்கணும்ல? ஏன் கேக்க மாட்டேங்குது, அதைச் சொல்லுங்க."

நியாயமான கேள்வி. கரண்ட் பில் கணக்குப் பார்த்தால் இது பெரிய விஷயமே இல்லை. பின்னொளிக்கு ஐந்து வாட் என்று வைத்து, இரவு பத்து மணி நேரம் எரிந்தாலும் மாதத்துக்கு ஒன்றரை யூனிட்தான். ஆனால் கரண்ட் போன இரவில் யுபிஎஸ் அந்த வெளிச்சத்துக்கும் சேர்த்துக் கரையும். பழைய பின்னொளி வீணாகத் தேயும். இவை எல்லாவற்றையும்விட, சொன்னதைக் கேட்காத இயந்திரம் பக்கத்தில் இருந்தால் மனுஷனுக்கு ஒரு எரிச்சல் வருமே, அதற்கு யூனிட் கணக்கே கிடையாது.

இந்த இடத்தில் பலரும் செய்வது, இணையத்தில் தேடி, கண்ணில் படுகிற முதல் கட்டளையை ஒட்டிவிடுவது. அதைச் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இந்த விஷயத்தில் இணையத்தில் கிடைக்கிற வைத்தியத்தில் பாதி, நேர் எதிரான நோய்க்கானது. 'படம் பார்க்கும்போது திரை அணைந்து தொலைக்கிறது, எப்படி நிறுத்துவது' என்பதற்கான மருந்து அது. அணையாத திரைக்காரர் அதைப் போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முதலில் கேட்க வேண்டும், பிறகுதான் தொட வேண்டும். லினக்ஸின் பெரிய சௌகரியமே, கேட்டால் பதில் சொல்லும் என்பதுதான். யார் விழித்திருக்கச் சொன்னது என்று பெயரோடு சொல்லும். அந்தப் பெயரைக் கேட்க எங்கே போக வேண்டும் என்பதுதான் தெரிந்திருக்க வேண்டும்.

கேட்பதற்கு முன்னால் ஒரு சின்னப் பாடம். திரை அணைவது, திரை பூட்டிக்கொள்வது, லேப்டாப்பே தூங்குவது மூன்றும் வேறு வேறு வேலைகள், அவற்றைச் செய்கிறவர்களும் வேறு வேறு. நாலாவதாக ஒன்றும் உண்டு: திரையில் கறுப்புப் படம் தெரியும், ஆனால் பின்னொளி எரிந்துகொண்டிருக்கும். இருட்டறையில் பார்த்தால் சாம்பல் நிறத்தில் மினுமினுக்கும். அது அணைந்த திரை இல்லை. ஷட்டர் இடுக்கில் வெளிச்சம் தெரிகிறது என்று யாராவது சொன்னால் இந்த நாலாவதையும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். அத்தானிடம் கேட்டேன். "ஸ்கிரீன்ல எல்லாமே தெரியுது மாப்ள" என்றார். சரி, அந்தச் சந்தேகம் தீர்ந்தது.

திரையை அணைக்கிற முறைக்கு டிபிஎம்எஸ் என்று பெயர். வெசா அமைப்பு 1993-ல் கொண்டுவந்த தரம். அப்போது இருந்தவை டப்பா மானிட்டர்கள். காரைக்குடி பிரவுசிங் சென்டர்களில் ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்து உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், நாலு மானிட்டர் ஓடினால் அந்த அறையில் ஏசி தோற்றுவிடும். அவ்வளவு மின்சாரம் குடிக்கும். கணினியிலிருந்து மானிட்டருக்குப் படத்தோடு இரண்டு துடிப்புகள் போகும். ஒவ்வொரு வரிக்கும் ஒன்று, ஒவ்வொரு முழுப்படத்துக்கும் ஒன்று. அந்தத் துடிப்புகளையே சைகையாக ஆக்கிக்கொண்டார்கள். வரித்துடிப்பை நிறுத்தினால் 'கொஞ்சம் ஓய்வெடு'. படத்துடிப்பை நிறுத்தினால் 'இன்னும் ஆழமாக ஓய்வெடு'. இரண்டையும் நிறுத்தினால் 'அணைந்துகொள்'. தனிக் கம்பி ஒன்றுகூட இழுக்கவில்லை. இந்த மூளையை நான் ரொம்ப ரசிப்பேன்.

அந்த மூன்று நிலைகள் லினக்ஸில் இன்றும் அப்படியே இருக்கின்றன: ஸ்டாண்ட்பை, சஸ்பெண்ட், ஆஃப். எல்சிடி திரைக்கு மூன்றும் ஒன்றுதான், அணைதல். ஆனாலும் பட்டியலில் மூன்று எண்கள் வரும். நடுவில் இருக்கிற சஸ்பெண்டைப் பார்த்து 'ஓ, பத்து நிமிஷத்தில் லேப்டாப்பே தூங்கிவிடும் போல' என்று ஏமாந்தவர்கள் உண்டு. அந்த சஸ்பெண்ட் திரைக்கு மட்டுமே.

இனி அத்தானிடம் போனில் சொன்னபடியே கட்டளைகளை எழுதுகிறேன். டெர்மினலைத் திறக்கச் சொன்னேன். "எக்ஸ்செட், ஒரு இடைவெளி, க்யூ. அடிச்சு என்டர் தட்டுங்க." இது எதையும் மாற்றாது, கேட்கும், அவ்வளவுதான். நீளமாக ஏதேதோ வரும். கடைசியில் டிபிஎம்எஸ் என்று தலைப்புப் போட்ட பகுதிதான் நமக்கு வேண்டியது. மூன்று நிலைக்கும் எத்தனை நொடி, அந்த வசதி இயங்குகிறதா, முடக்கப்பட்டிருக்கிறதா என்று அங்கே இருக்கும். திரையைக் கவனிக்கிற எக்ஸ் சர்வர் தன் போக்கில் வைத்துக்கொள்கிற அளவு 600 நொடி. சுழி என்று இருந்தால் ஒருபோதும் அணையாது என்று அர்த்தம்.

அத்தான் எழுத்துக்கூட்டி வாசித்தார். "டிஸ்ஏபிள்டுன்னு போட்டிருக்கு."

முடக்கியிருக்கிறார்கள்.

இங்கே வரிசை முக்கியம், ஏன் என்று சொல்கிறேன். திரை வன்பொருளில் கோளாறா இல்லையா என்று பார்க்க இன்னொரு சோதனை இருக்கிறது. "ஸ்லீப், இடைவெளி, 2, அரைப்புள்ளி, எக்ஸ்செட், இடைவெளி, டிபிஎம்எஸ், இடைவெளி, ஃபோர்ஸ், இடைவெளி, ஆஃப்." திரையை உடனே அணைக்கச் சொல்கிற கட்டளை. முன்னால் அந்த ஸ்லீப் 2 எதற்கு? என்டர் பொத்தானிலிருந்து நாம் விரலை எடுப்பதும் ஒரு விசைச் செய்திதான். அந்த இரண்டு நொடி இல்லாவிட்டால், அணைந்த திரை விரலை எடுத்ததும் எரிந்துவிடும், நாமும் வன்பொருளில் கோளாறு என்று முடிவுகட்டிவிடுவோம். இது நல்ல சோதனைதான். ஆனால் இதில் ஒரு குழி உண்டு. இந்தக் கட்டளை, முடக்கி வைத்திருந்த டிபிஎம்எஸ்ஸைத் தானாகவே இயக்கிவிட்டுத்தான் திரையை அணைக்கும். இதை முதலில் ஓட்டிவிட்டுப் பிறகு க்யூ போட்டுக் கேட்டால், எல்லாம் ஒழுங்காக இருப்பதாகச் சொல்லும். தடயம் போச்சு. மறுநாள் பழையபடி வெளிச்சம், பழையபடி குழப்பம். அதனால்தான் கேள்வி முதலில், சோதனை பிறகு.

சோதனையில் திரை பளிச்சென்று அணைந்தது. வன்பொருள் நிரபராதி.

அப்படியானால் முடக்கியது யார்? சுபுண்டுவில் எக்ஸ்எஃப்சிஇ என்ற மேசைச்சூழல். அதில் தொடக்கத்தில் தானாக ஓடுகிற நிரல்களின் பட்டியல் ஒன்று அமைப்புகளுக்குள் இருக்கும். அதைத் திறந்து ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னேன். நெட்வொர்க், புளூடூத், பிரிண்டர் என்று வாசித்துக்கொண்டே வந்தவர், "இது என்ன மாப்ள, கிளாஸ்னு ஒண்ணு?" என்றார்.

அவர் வாசிக்க வாசிக்கப் புரிந்தது. 2020. கொரோனா ஊரடங்கு. மருமகனுக்குக் கல்லூரி முழுக்கத் திரையில்தான். பாடம் நடக்கும்போது திரை அணைந்து அணைந்து போனதால், திரைகாப்பையும் டிபிஎம்எஸ்ஸையும் நிறுத்துகிற ஒரே வரியைக் 'கிளாஸ்' என்று பெயர் போட்டுத் தொடக்கப் பட்டியலில் சேர்த்திருக்கிறான். எஸ்எஸ்டி மாற்றியபோது தன் பழைய கோப்புகளை அப்படியே எடுத்து வந்ததில் அதுவும் கூடவே வந்துவிட்டது. வகுப்பு முடிந்து, பட்டம் வாங்கி, வேலைக்கும் போய்விட்டான். அவன் எழுதின வரி மட்டும் தினமும் காலையில் கடமை தவறாமல் ஓடியிருக்கிறது. அத்தான் பவர் மேனேஜரில் பத்து நிமிஷம் என்று வைத்ததும் உண்மை, இந்த வரி அதை முடக்கியதும் உண்மை. இரண்டு பேர் ஒரே சுவிட்சைத் தொட்டால், கடைசியில் தொட்டவர் வைத்ததுதான் நிற்கும்.

கொரோனா காலத்து லேப்டாப் எது கையில் கிடைத்தாலும் நான் இப்போது முதலில் பார்ப்பது இந்தத் தொடக்கப் பட்டியலைத்தான். அவசரத்துக்குப் போட்ட ஒட்டுகள் எல்லார் வீட்டிலும் இருக்கின்றன.

டிக்கை எடுத்துவிட்டு, வெளியேறி மறுபடி உள்ளே நுழையச் சொன்னேன். மறுபடி எக்ஸ்செட் க்யூ. இப்போது இயங்குகிறது என்று வந்தது. அத்தானுக்குச் சந்தோஷம். எனக்கும்தான். இரவு ஒன்பதரைக்குப் போன் வந்தது. இடுக்கில் வெளிச்சம்.

மறுநாள் கடை நேரத்தில் மறுபடி கேட்கச் சொன்னேன். "டிஸ்ஏபிள்டு" என்றார். தொடக்கத்தில் இயங்குகிறது, கொஞ்ச நேரம் கழித்து முடங்குகிறது. இப்போதுதான் அந்தப் பாட்டு வருகிறது.

பிரவுசரில் வீடியோ ஓடினால், 'படம் ஓடிக்கொண்டிருக்கிறது, திரையை அணைக்காதே' என்று பிரவுசர் மேசைச்சூழலிடம் ஒரு தடை வாங்கி வைக்கும். அது சரியான ஏற்பாடுதான். இல்லாவிட்டால் சினிமா பார்க்கிறபோது பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மவுஸை ஆட்ட வேண்டும். விஎல்சியும் இதையே செய்யும், வீடியோ அழைப்புகளும் இதையே செய்யும். படம் நின்றதும் தடையை விலக்கிக்கொள்ள வேண்டும் என்பது ஒப்பந்தம். அத்தான் என்ன செய்கிறார்? காலையில் யூட்யூபில் ஒரு பாட்டை எடுத்து, திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்துவிடுகிறார். ராத்திரி கடையை அடைக்கும்போது ஸ்பீக்கர் சுவிட்சை அணைக்கிறார். சத்தம் நின்றால் பாட்டு நின்றதாகத்தானே அர்த்தம்? ஸ்பீக்கர் செத்துப்போனது பிரவுசருக்கு எப்படித் தெரியும்? பூட்டிய கடைக்குள் முருகன் பாட்டு விடிய விடிய ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

எக்ஸ்எஃப்சிஇ-யில் இதைக் கண்டுபிடிக்கக் கட்டளைகூட வேண்டாம். மேலே பட்டையில் இருக்கிற பேட்டரிச் சின்னத்தைச் சொடுக்கினால் போதும். எந்த நிரல் தடை போட்டிருக்கிறது என்று அங்கேயே எழுதியிருக்கும். சொடுக்கச் சொன்னேன். "ஃபயர்பாக்ஸ்னு போட்டு என்னமோ எழுதியிருக்கு." அதுவேதான். அதே இடத்தில் பிரசன்டேஷன் மோட் என்று ஒரு சுவிட்சும் இருக்கும். கை தவறி அதைத் தட்டிவிட்டுக் காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் முழிப்பவர்கள் இருக்கிறார்கள். அத்தான் கடையில் அது அணைந்துதான் இருந்தது.

தீர்வு சுலபம். ஸ்பீக்கரை அணைக்கிற கையோடு பாட்டையும் நிறுத்துங்கள். "அப்ப இத்தனை நாளும் அவருதான் முழிச்சுக் காவல் இருந்திருக்காரு" என்று அத்தான் சிரித்தார். மலைமேல் சண்முகநாதர் கோயில் கொண்டிருக்கிற ஊரில் இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெளிச்சம் குறைந்தது, நிற்கவில்லை. சில இரவு அணையும், சில இரவு எரியும். பகலிலும், அத்தான் சாப்பிடப் போய்விட்டுத் திரும்பும்போது சில நேரம் அணைந்து கிடக்கும், சில நேரம் பளபளவென்று இருக்கும். இப்போது நோய் மாறிவிட்டது. அணையாமல் இருப்பது போய், எழுப்பப்படுவது வந்துவிட்டது. முதலிலேயே இரண்டும் இருந்தன, பெரியது மறைத்திருந்ததால் சின்னது தெரியவில்லை. இந்த மாதிரி இரட்டைக் கோளாறில்தான் பலர் மனசு விட்டு லினக்ஸையே குறை சொல்லத் தொடங்குவார்கள்.

பங்குனி உத்திரத்துக்கு ஊருக்குப் போயிருந்தபோது கடையில் உட்கார்ந்து பார்த்தேன். எக்ஸ்பிரிண்ட்ஐடில் என்று ஒரு குட்டி நிரல் இருக்கிறது, தனியாக நிறுவ வேண்டும். கடைசியாக விசையோ மவுஸோ அசைந்து எத்தனை மில்லிநொடி ஆயிற்று என்று ஒரு எண்ணைச் சொல்லும். ஸ்லீப் 30, அரைப்புள்ளி, அதற்குப் பிறகு இந்த நிரல். அடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். யாரும் எதையும் தொடாவிட்டால் முப்பதாயிரத்தை ஒட்டி ஒரு எண் வர வேண்டும். வந்தது மூன்று இலக்க எண். அதாவது, அரை நொடிக்கு முன்னால்கூட 'யாரோ' லேப்டாப்பைத் தொட்டிருக்கிறார்கள். கடையில் நானும் அத்தானும் மட்டும்தான். இருவர் கையும் மடியில்.

தொட்டது யார் என்று கேட்க லிப்இன்புட் கருவிகளில் டீபக்-ஈவன்ட்ஸ் என்று ஒன்று உண்டு, சூடோ போட்டு ஓட்ட வேண்டும். எந்தச் சாதனத்திலிருந்து எந்த அசைவு வருகிறது என்று வரி வரியாகக் கொட்டும். ஓட்டியதும், யாரும் தொடாத மவுஸிலிருந்து சின்னச் சின்ன அசைவுகளாக வரிகள் வந்துகொண்டிருந்தன.

மேஜைக்கு மேலே கண்ணாடி. கண்ணாடிக்கு அடியில் விலைப்பட்டியல், ஒரு முருகன் படம், பழைய பத்து ரூபாய் நோட்டு ஒன்று. கண்ணாடிக்கு மேலே மவுஸ். இன்றைய மவுஸுக்கு அடியில் ஒரு குட்டிக் கேமரா இருக்கிறது. நொடிக்கு ஆயிரக்கணக்கான படம் எடுத்து, முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, எவ்வளவு நகர்ந்திருக்கிறோம் என்று கணக்குப் போடும். மரப்பலகையிலும் துணியிலும் நுண்ணிய சொரசொரப்பு இருப்பதால் கணக்குச் சரியாக வரும். கண்ணாடி வழவழப்பு, பிடித்துக்கொள்ள ஒரு அடையாளமும் இல்லை. அடியில் இருக்கிற காகிதமோ கண்ணாடித் தடிமன் அளவு தள்ளி இருக்கிறது, மங்கலாகத்தான் தெரியும். மேலே ஓடுகிற பழைய மின்விசிறியின் அதிர்வு வேறு. கேமரா தடுமாறி, நகராத மவுஸை நகர்ந்ததாகச் சொல்லிவிடுகிறது. ஒரே ஒரு புள்ளி நகர்ந்தாலும் லினக்ஸுக்கு ஆள் வந்தாயிற்று என்றுதான் அர்த்தம். கடிகாரத்தைச் சுழியிலிருந்து தொடங்கிவிடும். தடுமாற்றம் அதிகமான இரவில் திரை அணையவே அணையாது, குறைவான இரவில் அணைந்துவிடும். அத்தான் சொன்ன 'சில இரவு' இதுதான்.

மவுஸைப் பிடுங்கினேன், வரிகள் நின்றன. தினசரி காலண்டரின் பழைய அட்டை ஒன்றை எடுத்துக் கண்ணாடிமேல் போட்டு, அதன்மேல் மவுஸை வைத்தேன். மறுபடி அந்த முப்பது நொடிச் சோதனை. எண் சரியாக வந்தது. இத்தனை கட்டளைகளுக்குப் பிறகு கடைசி மருந்து ஒரு காலண்டர் அட்டை.

கடையிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது அத்தான் அடிகளாரைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். மடத்துத் தலைவராக இருந்த குன்றக்குடி அடிகளார், 1925-ல் பிறந்து 1995-ல் மறைந்தவர், இந்த ஊரின் கிராமத் திட்டத்துக்குக் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்து விஞ்ஞானிகளை ஊருக்குள் அழைத்துவந்தவர். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட ஆய்வகம் அது. மடத்துத் தலைவர் கேட்க, ஆய்வகத்துக்காரர்கள் வந்து பதில் சொன்ன ஊர். "ஏன் கேக்க மாட்டேங்குது" என்று அத்தான் விடாமல் கேட்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அத்தான் கடையில் வராத சில வகைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு அதுவாக இருக்கலாம்.

மூடியை மூடியும் திரை எரிகிறதா? மூடியைக் கவனிப்பது சிஸ்டம்டி-லாகின்டி. வெளி மானிட்டர் ஒன்று மாட்டியிருந்தால், மூடியை மூடினாலும் தூங்க வேண்டாம் என்பதுதான் அதன் இயல்பான நடத்தை. கோளாறு என்று நினைத்துக் குடைய வேண்டாம். மானிட்டரைக் கழற்றிவிட்டு மூடிப் பாருங்கள்.

க்னோம் மேசைச்சூழல் பயன்படுத்துகிறீர்களா? அமைப்புகளில் பவர் பகுதிக்குள் திரை வெறுமையாகும் நேரம் 'ஒருபோதும் இல்லை' என்று இருக்கிறதா பாருங்கள். காஃபின் என்ற நீட்சி நிறுவியிருந்தால் அந்தக் கோப்பைச் சின்னத்தையும் பாருங்கள். நிரல்கள் போட்ட தடைகளைக் கேட்க, க்னோம்-செஷன்-இன்ஹிபிட் என்பதற்குப் பின்னால் இரட்டைக் கோடிட்டு லிஸ்ட் என்று அடியுங்கள். சிஸ்டம்டி-இன்ஹிபிட்டிலும் இதே மாதிரி ஒரு பட்டியல் உண்டு, ஆனால் அது வேறு அடுக்கின் பட்டியல். ஒன்றில் பெயர் இல்லை என்றால் மற்றதிலும் கேளுங்கள்.

எக்ஸுக்குப் பதிலாக வந்த வேலேண்டில் இருப்பவர்களுக்கு நான் மேலே சொன்ன எக்ஸ்செட் உதவாது. அது எக்ஸ் சர்வரிடம் பேசுகிற கருவி. உபுண்டு 2025 அக்டோபர் பதிப்போடு க்னோமின் எக்ஸ் அமர்வே போய்விட்டது, மற்றவர்களும் அந்தப் பக்கம்தான் போகிறார்கள். ஆக, இந்தப் பதிவில் பாதிக் கட்டளைகளுக்கு ஆயுள் அதிகமில்லை. மவுஸுக்குக் கீழே அட்டை வைப்பது மட்டும் வேலேண்டிலும் வேலை செய்யும்.

பழைய லேப்டாப்பை வரைகலைச் சூழலே இல்லாமல் வீட்டு சர்வராக ஓட்டுபவர்கள் இப்போது கணிசம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து இரவெல்லாம் எரிந்தால், அது கர்னலின் கன்சோல்பிளாங்க் என்ற அளவு. முன்பெல்லாம் பத்து நிமிஷம் என்று தானாகவே இருக்கும். பிறகு அதைச் சுழியாக்கிவிட்டார்கள். பூட் வரியில் கன்சோல்பிளாங்க் சமம் 60 என்று சேர்த்தால் ஒரு நிமிஷத்தில் இருண்டுவிடும்.

இன்னொன்று. யுஎஸ்பி மவுஸ் லேப்டாப்பையே தூக்கத்திலிருந்து எழுப்பாமல் தடுக்கிற குறிப்புகள் நிறையக் கிடைக்கும். அவை லேப்டாப் முழுசாகத் தூங்கும்போதுதான் பயன்படும். திரை மட்டும் அணைகிறபோது லேப்டாப் விழித்துத்தான் இருக்கிறது, அங்கே அந்தக் குறிப்பு செல்லாது. அரைநாள் வீணாக்காதீர்கள்.

தமிழ்நாடு அரசு 2025 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் இருபது லட்சம் பேருக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்தது. புதுசு வரட்டும், நல்லதுதான். ஆனால் 2011 தொடங்கி வந்த பழைய பெட்டிகள் பரணிலும் பீரோ மேலும் கிடக்கின்றன. ஒரு எஸ்எஸ்டியும் ஒரு லேசான லினக்ஸும் போட்டால் ஜெராக்ஸ் கடைக்கோ, பிள்ளைகள் தட்டச்சு பழகவோ இன்னும் சில வருஷம் தாங்கும். எடைக்குப் போடாதீர்கள்.

உங்கள் திரையும் அணையவில்லை என்றால் எனக்கு எழுதலாம். எழுதும்போது மூன்று விஷயம் சொல்லுங்கள்: எந்த மேசைச்சூழல், எக்ஸா வேலேண்டா, அணையவே இல்லையா அணைந்து எரிகிறதா. எக்ஸ் என்றால், எந்தக் கட்டளையையும் ஒட்டுவதற்கு முன்னால் எக்ஸ்செட் க்யூ சொன்னதைப் படம் எடுத்து அனுப்புங்கள். போனை நேராகப் பிடித்து, எழுத்து தெரிகிற மாதிரி எடுங்கள், புண்ணியமாகப் போகும்.